பின்தொட்டி

மார்ச் 4
காலையில் ப்ரொப்பல்லர் தண்டின் பக்கம் குனிந்தபோது கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. எஞ்சின் அறைக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவிலுள்ள இரும்புச் சுவரில், பழைய வெல்டிங் ஓரமாக மயிரிழை கனத்தில் ஒரு விரிசல்.

போன மாதம் ஆற்றுத் துறைமுகத்தில் மரத்தடி மோதி ப்ரொப்பல்லரின் நாலு இதழில் ஒன்று நுனி மடங்கியது. அன்று பிடித்த உதறல் இன்னும் கப்பலை விடவில்லை. சாப்பாட்டு மேசையில் ஸ்பூன் தானாக நகர்கிறது. அந்த உதறலெல்லாம் கடைசியில் போய் விழுவது பின்பக்கத் தகடுகளைத் தாங்கும் இரும்பு விலா எலும்புகள் மேல்தான்.

சீஃப் எஞ்சினியரிடம் சொன்னேன். “இருபத்தாறு வயசுக் கப்பல். வேர்க்கத்தான் செய்யும்” என்றார்.

மார்ச் 6
விரிசலின் இரண்டு முனையிலும் சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருந்தேன். நேற்று எட்டு சென்டிமீட்டர். இன்று பதினொன்று.

மார்ச் 7
ஃபிட்டரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். சுத்தியலால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

“இந்தப் பக்கம் அடைச்சா நிக்காது சார். அந்தப் பக்கம் விலாவே விட்டிருக்கும். உள்ள இறங்கிப் பாக்கணும்.”

கப்பலில் அவர் பெயர் கொசு. ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே, உடம்பில் சதையே கிடையாது. நாங்கள் தோள் மாட்டிக்கொண்டு தவிக்கும் துவாரங்களில் பேசிக்கொண்டே நுழைந்து போய்விடுவார். பெயரையும் அவரே வைத்துக்கொண்டாராம். “கடிக்கத் தெரியாத கொசு சார், பயப்படாதீங்க.” மகள் போனில் கேட்கும் கணக்கையெல்லாம் என்னிடம் கொண்டுவருவார். விடை வாங்கிக்கொண்டு போய், தானே போட்டதாகச் சொல்லிவிடுவார்.

மார்ச் 10
கேப்டன் அறையில் பேச்சு. பின்தொட்டியைக் காலி செய்தால் கப்பலின் பின்பக்கம் எழும்பும். ப்ரொப்பல்லர் பாதி வெளியே வந்துவிடும். அலை அதிகமானால் அது காற்றில் வெறிபிடித்துச் சுற்றி எஞ்சினையே கெடுத்துவிடும். நாளை மாலை காற்று பலக்கும் என்று செய்தி.

“விடியும்போதே தொட்டி காலியா இருக்கணும். மூணு மணிக்கெல்லாம் திரும்ப நிரப்பணும்” என்றார் கேப்டன்.

ஒரு நாள் முழுக்கக் காற்று ஊதிய பிறகே ஆள் இறங்கலாம் என்பது விதி. கடலும் ஆறும் கலக்கும் இடத்தில் ஏற்றிய தண்ணீர் அது. அடியில் சேறு அழுகிக் கிடக்கும், விஷவாயு இருக்கும். சொன்னேன். சீஃப் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செகண்ட், நாலு மணி நேரம் ஊதுங்க. போதும்” என்றார் கேப்டன், செகண்ட் எஞ்சினியரான என்னிடம்.

சரி சார் என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

மார்ச் 11
எழுதியாக வேண்டும்.

காற்றை அளக்கும் கருவிக்கு நீளக் குழாய் உண்டு. கிழிந்து இரண்டு மாதமாகிறது. தொட்டியின் வாய்ப்பக்கம் மட்டும் அளந்தேன், நன்றாகவே காட்டியது. உள்ளே இறங்க அனுமதி தரும் படிவத்தில் மூன்று கட்டம்: மேலே, நடுவே, அடியில். மூன்றிலும் ஒரே எண்ணை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கொசுவும் கீழே போட்டார். படித்துக்கூடப் பார்க்கவில்லை. “நீங்க பாத்தா சரி சார்” என்றார், அவ்வளவுதான்.

பதினொன்றே கால் மணிக்கு இறங்கினார். முதல் தட்டிலிருந்து, “விலா ரெண்டு விட்டிருக்கு சார்” என்று குரல். இன்னும் கீழே போனார். டார்ச் வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது.

கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நான் இறங்கப் போனபோது டெக் மேஸ்திரி இடுப்பைப் பிடித்துத் தூக்கி எறிந்தார். “நீயும் போனா ரெண்டா எண்ணணும்யா.” காற்று உருளையும் முகமூடியும் கொண்டுவந்து ஆள் இறங்கப் பதினெட்டு நிமிஷம். அவ்வளவு நேரமும் அந்த டார்ச் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. என்ன பண்ணேன் நான்? நின்னேன். நின்னுக்கிட்டு இருந்தேன்.

மூன்று மணிக்குத் தொட்டியை நிரப்பினார்கள்.

மார்ச் 12
கொசுவின் உடலை வைக்க, குளிரூட்டிய இறைச்சி அறையில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார் சமையல்காரர்.

மார்ச் 13
கேப்டன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “அந்தப் படிவத்தக் கிழிச்சுடுங்க. அனுமதியே குடுக்கல. அவரா அவசரப்பட்டு இறங்கிட்டாரு. போனவர் திரும்பி வரப்போறதில்ல செகண்ட். உங்களுக்கும் புள்ளைங்க இருக்கு.”

அப்படியே எழுதிக் கொடுத்தேன். படிவத்தைக் கிழித்துவிட்டேன் என்றும் சொன்னேன். கிழிக்கவில்லை. இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. ஏன் வைத்திருக்கிறேன்? தெரியவில்லை.

ஏப்ரல் 20
வீடு. எல்லோரும் நான் இளைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

மே 29
கொசுவின் மனைவி போன் செய்தார். கம்பெனிக் கடிதம் வந்துவிட்டதாம்.

“அனுமதி இல்லாம இறங்கினாருன்னு போட்டிருக்கு சார். அவரு அப்படிப்பட்ட ஆளில்ல. சட்டை பட்டனக்கூட கீழேருந்து ஒண்ணொண்ணா எண்ணிப் போடுவாரு. நீங்க பக்கத்துல இருந்தீங்களாமே. நெசமாவே கேக்காமதான் இறங்கினாரா?”

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார். “ஹலோ, ஹலோ” என்று நாலைந்து தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மே 30
மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்கவேயில்லை.

“இத வயித்துல வச்சுக்கிட்டு இத்தன நாள் எப்படிச் சாப்பிட்டீங்க?”

அரிசியை உலையில் போட்டுவிட்டு, “எழுதுங்க” என்றாள்.

ஜூன் 2
கப்பல் துறை விசாரணை அதிகாரிக்குக் கடிதம். படிவத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

ஜூன் 25
சீஃப் போன் செய்தார். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். பிறகு அழுதார்.

செப்டம்பர் 9
என் சான்றிதழ் ஐந்து வருஷத்துக்குப் பறிமுதல். கேப்டனுக்கு ஒரு வருஷம். சீஃபுக்கு எச்சரிக்கை. குறைத்துக் கேட்டு மனுப் போடலாம் என்றார் வக்கீல். வேண்டாம் என்றேன். பம்ப் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்து ஒரு வாரமாகிறது.

நவம்பர் 18
கொசுவின் மனைவி இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். திருத்திய விசாரணை அறிக்கையின் நகல் என்னிடம்தான் இருந்தது. கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார்.

“அவரு மேல தப்பில்லன்னு எங்க போட்டிருக்கு?”

காட்டினேன். அந்த வரியில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தார். என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “ஒங்கள மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல சார். இத வாங்கத்தான் வந்தேன்.”

“தெரியும்மா” என்றேன்.

பஸ் நிறுத்தம் வரை என் மனைவி அவரோடு போனாள். நான் வாசற்படி இறங்கவில்லை.