படுத்திருக்கும் குதிரை

இன்று காலை நீ வரைந்த குதிரையைச் சுவரிலிருந்து கழற்றினேன். படத்தின் பின்பக்கத்தில் டர்பன்டைன் வாசம் இன்னும் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் நீ இருந்து படம் கீறிய குசினியும் இப்படித்தான் மணக்கும். அங்கே மீன்குழம்பும் சேர்ந்துகொள்ளும்.

குதிரை ஓவியங்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். படத்தை எடுத்துப்போக ஒரு பிள்ளை வந்திருந்தாள்.

"நவீன ஓவியத்தில குதிரை எண்டா வீரம், வேகம், இல்லாட்டி போர். இது எதின்ர குறியீடு அன்ரி? கீழ ஒரு வரி எழுதோணும். போரில களைச்ச சனம் எண்டு போடட்டோ?"

படுக்கையில் கிடக்கும் அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டிய இடுப்புவலியோடு நின்றேன். எதையாவது போடும் பிள்ளை என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. ஒரு காட்சிச் சுவரில் உன் படம் ஏறவேண்டுமென்று எவ்வளவு ஆசைப்பட்டாய்! அதற்காக, இல்லாத ஒன்றைச் சொல்லி ஏற்றுவதா?

வெள்ளவத்தையில் புது பிளாட் வாங்கிய புடவைக்கடை முதலாளியை நினைத்துக்கொண்டேன். பாய்ந்தோடும் ஏழு வெள்ளைக் குதிரை கேட்டார். எல்லாம் வீட்டுக்குள்ளே பார்க்கவேண்டும். வெளியே பார்த்தால் செல்வம் வாசலால் போய்விடுமாம். நீ கீறிக் கொண்டுபோனது ஒரே ஒரு பழுப்புக் குதிரை. அதுவும் காலை மடக்கிப் படுத்திருந்தது.

"மிச்ச ஆறும் எங்கை?" என்றார் மனிதர்.

"அதுகள் பின்னால வருகுதுகள் ஐயா. இது உள்ளுக்குத்தான் பாக்குது."

அவர் வாங்கவில்லை. காலி வீதி பஸ்ஸில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு விழுந்துவிழுந்து சிரித்தோம். பிறகு நீ ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாய்: "இவர் விழுந்த நாளில இருந்து எனக்குப் படுக்க நேரமில்லையடி. இதாவது படுக்கட்டும் எண்டு கீறினனான்." பாரிசவாதத்தில் கிடந்த உன் கணவரை நீ தனியாகத்தான் பார்த்தாய். அவர் கண்மூடிய கையோடு நீயும் கண்ணை மூடிவிட்டாய். உன்மேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பஸ்ஸில் நீ சொன்னதையே பிள்ளைக்குச் சொன்னேன்.

"இப்பிடிப் போட்டா ஆக்களுக்கு விளங்குமோ அன்ரி?"

"வீட்டில படுத்தபடுக்கையா வருத்தக்காரரை வைச்சிருக்கிற பொம்பிளையளுக்கு விளங்கும். மற்றவை நிண்டு யோசிக்கட்டும்."

அவள் பேனையை எடுத்தாள். அதை அப்படியே எழுதிக்கொண்டு, குதிரையையும் கொண்டுபோனாள்.

சுவரில் இப்போது ஆணி மட்டும்தான். மத்தியானம் அம்மா கண்ணயர்ந்ததும், தோய்க்கக் கிடந்த உடுப்புகளை அப்படியே விட்டுவிட்டு ஆணிக்குக் கீழே பாயை விரித்தேன். வாசலுக்கு முதுகைக் காட்டி, வீட்டுக்குள்ளே பார்த்தபடி, காலை மடக்கிப் படுத்தேன்.