தட்டுவடையில் அம்மாவின் கூலி

நவம்பர் 4, செவ்வாய்

சமூக அறிவியல் வகுப்பில் நியாய வணிகம். ஒரு பொருளைச் செய்தவருக்கு உழைப்புக்கேற்ற பணம் போய்ச் சேர வேண்டும் என்றார் சாரதாமணி மிஸ். ரேஷன் கடை மாதிரியா என்று டோனி கேட்டான். மிஸ் தவிர எல்லோரும் சிரித்தோம்.

14ஆம் தேதி, பங்குக் கோயிலின் முதியோர் இல்லத்துக்காகப் பள்ளியில் விற்பனை. ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் ஓர் அட்டை வைக்க வேண்டும்: செய்தவர் யார், சாமான் செலவு என்ன, அவர் கூலி என்ன. எங்கள் குழுவுக்குத் தட்டுவடை செட்: இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும். தட்டுவடை சுடுவது என் அம்மா என்பதால் அட்டை என் தலையில்.

நவம்பர் 6, வியாழன்

மாவு, எண்ணெய், கேஸ் கணக்கை அம்மா மனப்பாடமாகச் சொன்னாள். கூலி? சிரித்தாள்.

"எனக்கெதுக்கு சாமி கூலி? ஊட்டுல சும்மா இருக்கற நேரந்தானே."

சும்மாவாம். விடியும் முன்பே அடுப்பு முன்னால் உட்காருகிறவள் சொல்கிறாள். விலை வைப்பது, வாங்கிப் போகும் செட் கடை கந்தவேல் அண்ணன். அவர் தரும் பணம் அடுத்த நாள் சாமானுக்கே சரியாகிவிடும்.

நவம்பர் 10, திங்கள்

ஏதாவது ஒரு தொகையைப் போட்டுவிடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்றாள் என் குழுவில் இருக்கும் ஜெனிட்டா. அதுதான் சுலபம். போடவில்லை. ஏன்? தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

எல்லாம் விற்றுவிட்டது. அட்டையில் 'செய்தவர்: ஆரோக்கியம். கூலி: இல்லை' என்று எழுதியிருந்தேன். கோயில் சேலையில் வந்திருந்த அம்மா அதைப் படித்தாள். மிஸ்ஸும் படித்தார்.

பஸ்ஸில்தான் அம்மா வாயைத் திறந்தாள். "ஊரு பாக்க எழுதி வெச்சுட்டியே கண்ணு. நானென்ன ஏமாளியா?"

பொய்யா எழுதுனேன்? இருக்கறதைத்தானே எழுதுனேன் — அப்புறம் ஏன் அழுகையா வருது? அம்மாவை அசிங்கப்படுத்திட்டேனா?

நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். வந்ததும் அம்மா மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள்.

நவம்பர் 19, புதன்

கந்தவேல் அண்ணன் தட்டுவடை எடுக்க வந்தார். அம்மா டின்னைக் கொடுக்காமல் நின்றாள்.

"இனிமே என்ர கூலியும் சேத்துத்தானுங்க வெல."

சங்ககிரியில் பழைய விலைக்கே தர ஆள் இருக்கிறது என்றார் அவர். அப்படியானால் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள் அம்மா. அவர் வெறும் கையோடு கிளம்பிவிட்டார். டின் நிறையத் தட்டுவடை அப்படியே இருக்கிறது.

"தப்பாப் பேசிட்டனா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

காலையில் வண்டிச் சத்தம். கந்தவேல் அண்ணன்தான். சங்ககிரித் தட்டுவடை சாயங்காலத்துக்குள் நமுத்துப் போகிறதாம், கடையில் தினமும் சண்டையாம். கேட்ட விலையைத் தருகிறேன் என்றார்.

அம்மா அடுப்பை விட்டு எழவில்லை. "வேலையா இருக்கறனுங்க. சித்த நில்லுங்க, வாரேன்."

நிற்கிறார்.