எதிர்ப்பக்கத்துக் காலி இடம்

எப்போதும் எனக்கு எதிரே நின்று ஆடியவளுக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். கோபம் தீரவில்லை என்றால் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

மறுபடி டென்னிஸ் ஆடுகிறேன். நெட்டுக்கு நன்றாகவே ஓடி வருகிறேன். பந்தும் தோள் உயரத்தில் வாகாக வருகிறது. அடித்துப் பாயிண்டை முடிக்கத்தான் கை வருவதில்லை. "பாதி கோர்ட் காலியாக் கெடக்கு, அங்க அடிங்களேன்," என்று கோச் தலையில் அடித்துக்கொள்கிறார்.

அது காலியாக இல்லை. நான் குறிவைக்கும் இடத்திலெல்லாம் நீ நிற்கிறாய். அன்று என் பந்து பட்டபோது நின்ற மாதிரியே, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு. பட்டப்பகலில், நிழல் விழாமல். நான் பந்தை வெளியே தட்டிவிட்டுத் தோற்றுப்போகிறேன்.

இன்று காலை நீ கையை எடுத்தாய். அப்போது ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க நான் வரவே இல்லை. அந்தக் கண் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அதனாலோ என்னவோ, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வழவழவென்று வெறும் தோல்.

"நீதான் பாக்க வரலையேடி," என்றாய்.

ராக்கெட்டை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். சனிக்கிழமை உன் வீட்டு வாசலில் நிற்பேன். கதவைத் திறந்து உன் முகத்தைக் காட்டு. எப்படி இருந்தாலும் பார்க்கிறேன்.

நெட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
நான்