ரிவர்ஸ்டன் பூச்சிகள் யாருடையவை

நவம்பர் 10, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. ரிவர்ஸ்டன் ஓடைக்குப் போகவில்லை. ஆசிரியர் நியமனம் வந்திருக்கிறது. எங்கள் ரத்தோட்டையிலேயே ஒரு பாடசாலை, விஞ்ஞானம். எப்போதோ எழுதிய பரீட்சை, மறந்தே போயிருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலிருந்து அம்மா போன், பின்னால் குழந்தைகள் அழும் சத்தம். "எடுத்துக்கம்மா. படிச்சது போதும்." போதுமாம். கலாநிதிப் பட்ட ஆய்வில் நாலாவது வருஷம். ஜனவரியில் ஜெர்மனியில் ஆறு மாதப் பயிற்சி. என் ஆய்வை மேற்பார்க்கும் சேர் தன் வாயால் எனக்கென்று சொன்ன இடம். பாடசாலைக்குப் போவதாக இல்லை. நியமனம் வந்ததைப் பர்ஹானாவிடம் மட்டும் சொன்னேன். ஆய்வுகூடத்தில் பக்கத்து மேசைக்காரி.
வாங்க: உப்பு (காலில் ஏறும் அட்டைக்கு), சவர்க்காரம், பற்றரி.

நவம்பர் 12, புதன்
கம்பஸ். கண்டி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. போனதும் சேர் கூப்பிட்டார். ஜெர்மனிக்குப் பர்ஹானாவின் பெயரை அனுப்பிவிட்டாராம். சிங்களத்தில், அன்பாகத்தான் சொன்னார். "நீ டீச்சராப் போறியாமே. நல்லது. தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு உன்னை மாதிரி ஒருத்தி வேணும். உங்க ஆளுங்களுக்கு அதுதான் பொருத்தம்."
"போறேன்னு நான் சொல்லவே இல்லையே, சேர்."
"போகாம இருப்பியா? உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாதா?"
தெரியுமாம். நாலு வருஷத்தில் அம்மா பெயரைக்கூடக் கேட்டதில்லை. நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எதற்கு நன்றி?

நவம்பர் 13, வியாழன்
தலைவலி. சோறு இறங்கவில்லை. பின்னேரம் பர்ஹானா உக்குவளையிலிருந்து வீட்டுக்கே வந்துவிட்டாள்.
"சேர் கேட்டாரு, வாய்தவறிச் சொல்லிட்டேன். இப்படிச் செய்வாருன்னு அல்லாஹ் மேல சத்தியமா தெரியாதுடி. நான் போகல்ல."
"நீ போகாட்டி எனக்கா தரப் போறாரு? போ."
கோபமாகத்தான் சொன்னேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன், சீனி போட மறந்து. அவளும் அப்படியே குடித்தாள்.

நவம்பர் 15, சனி
மழை விட்டது. ரிவர்ஸ்டன். ஓடையில் முழங்கால் வரை குளிர். கற்களைப் புரட்டிப் பூச்சிகளைப் பொறுக்கும் வேலை. எந்தப் பூச்சி குறைகிறது என்று பார்த்தால் தண்ணீர் கெடுவது தெரியும். ஒவ்வொரு கல்லுக்கும் சேர் குரல். உங்க ஆளுங்க. உங்க ஆளுங்க. பாடசாலையை ஏற்றால் அவர் சொன்னது சரியாகிவிடும். மறுத்தால் அவருக்காக மறுத்தது போலாகிவிடும். பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதில் என்ன கேவலம்? எனக்குப் பிடித்தும் போகலாம். அந்த வேலையை வசைச்சொல் மாதிரி ஆக்கிவிட்டாரே, பாவி.
திரும்பும்போது பஸ் அந்தப் பாடசாலையைத் தாண்டித்தான் வந்தது. அங்கிருந்து ஓடைக்கு ஒரே பஸ். கம்பஸிலிருந்து என்றால் மூன்று. இதை ஏன் முன்பே யோசிக்கவில்லை?

நவம்பர் 17, திங்கள்
துறைத் தலைவி மெடத்தின் அறை. பாடசாலையை ஏற்கிறேன், ஆய்வைப் பகுதிநேரமாக முடிக்கிறேன், மேற்பார்வைக்கு வேறு ஆள் வேண்டும் என்றேன்.
"அவரோட ஒருக்கா பேசிப் பாக்கலாமே?"
"அவரு பேசிட்டாரு, மெடம்."
பேனாவை மூடினார், திறந்தார். "லேசா இருக்காது. ரெண்டு வருஷம் கூடப் போகும்."
"போகட்டும்."
"சரி, மேற்பார்வையை நானே பாக்குறேன். பூச்சி மாதிரியெல்லாம் உன் பேர்ல அனுமதி எடுத்துச் சேத்ததுதானே? எடுத்துக்கிட்டுப் போ."
அம்மாவுக்குச் சொன்னேன். "அப்ப ரெண்டும் செய்யப் போறியா? உடம்பு தாங்குமா?" தெரியாது. ஜெர்மனி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்
வெயில். ஆய்வுகூடத்தில் பூச்சிப் போத்தல்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கினேன். சேர் வாசலில் வந்து நின்றார்.
"அதெல்லாம் இந்த ஆய்வுகூடத்துச் சொத்து."
"அனுமதி என் பேர்ல, சேர். மெடத்துக்கும் தெரியும்."
"அவசரப்படுறே. பின்னால வருத்தப்படுவே."
"படலாம், சேர். வழி விடுங்க."
விட்டார். பர்ஹானா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தாள். பெட்டியைக் கொடுத்தபின் என் கையைக் கொஞ்சம் பிடித்திருந்தாள்.
மாத்தளை பஸ். மடியில் ஒரு பெட்டி, காலடியில் ஒன்று. ஸ்பிரிட் வாடை. கொண்டக்டர் குனிந்து பார்த்தார்.
"என்ன தங்கச்சி, மீனா?"
"பூச்சி."
"கடிக்குமா?"
"கடிக்கும்."
அவ்வளவு கூட்டத்திலும் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.