முழங்காலில் இரண்டு முறிவு

ஐப்பசி 9, வியாழன்.

இன்று குடவாசல் பக்கத்து விவசாயி ஒருவரை என் ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். வரப்புத் தகராறில் அவருடைய தம்பி மண்வெட்டிக் காம்பால் முழங்காலில் அடித்திருக்கிறார். எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. முறிவு என்று எழுத்தில் வந்தால்தான் கேஸ் நிற்கும் என்று விவசாயியின் மகன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

சிடி ஸ்கேனில் தெரிந்துவிட்டது. மூட்டுக்குக் கீழே எலும்பில் கீறல் போல மெல்லிய முறிவு. ஓரங்கள் கூர்மையாக இருந்ததால் புதியது. சற்றுத் தள்ளி இன்னொன்று, ஓரம் மழுங்கி எப்போதோ கூடிப்போன பழைய முறிவு.

"முன்னாடி இந்தக் கால்ல அடிபட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"வயசுப் பையனா இருக்கறப்ப புளியமரத்துலேர்ந்து விழுந்தேம்மா. தம்பிதான் தோள்ல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனான்."

டாக்டர் பார்த்துச் சொன்னதும் மகன் வெளியே போய், "முறிவு இருக்காம்" என்று போனில் யாரிடமோ சந்தோஷமாகச் சொன்னான்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "பழசையும் எழுதுவாங்களாம்மா?"

"டாக்டர் எழுதுவாருங்க."

"தூக்கிட்டுப் போனது தம்பின்னும் எழுதுவாரா?"

ரிப்போர்ட்டில் அதற்கு இடமில்லை என்றேன். சரியான பதில்தான். ஆனாலும் இங்கே எழுதிவைக்கிறேன்: தூக்கிக்கொண்டு ஓடியது தம்பி.