கவிழ்த்து வைத்த சீட்டு

கந்தப்பளை,
12.6.1951

அன்பும் மதிப்பும் நிறைந்த அத்தானுக்குச் சண்முகவடிவு எழுதிக்கொள்வது. இங்கே நான், செல்லசாமி அண்ணன், அண்ணி எல்லோரும் சுகம். பொகவந்தலாவையில் மழை விட்டதா? உங்கள் கம்பளிச் சட்டை பெட்டியின் அடியில் இருக்கிறது. தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளை பெற்றவளுக்கு நாலு வரி, போக்கர் ஆட்டத்துக்கு இரண்டு பக்கம்! துரைசாணி சீமைக்குப் போனதிலிருந்து பங்களாவில் தினமும் சீட்டு. நாலாவது கைக்கு ஆளில்லை என்று தேயிலைத் தொழிற்சாலைக் கிளாக்கரான உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார் தோட்டத்துத் துரை. வெறும் தீக்குச்சி வைத்துத்தான் ஆடுகிறோம் என்கிறீர்கள். அந்தக் குச்சிகளோடு நம் குடும்பமும் அல்லவா மேசையில் கிடக்கிறது?

நீங்கள் ஜெயித்தால், விட்டதைப் பிடிக்கும்வரை துரை எழுந்திருக்க விடுவதில்லை. தோற்றால், வேண்டுமென்றே தோற்கிறாய் என்று கோபிக்கிறார். உங்கள் லீவுக் கடிதத்திலும் கையெழுத்தில்லை; நம் இலங்கைப் பிரஜாவுரிமை மனுவுக்கு அவர் தர வேண்டிய சான்றிதழும் வரவில்லை. சொல்லாமல் வந்தால் வேலையும் போகும், வீடும் போகும். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நீங்கள் தவிப்பது எனக்குப் புரியாமல் இல்லை. "மச்சான் என்ன, தொரைக்கே வாக்கப்பட்டுட்டாரா?" என்று அண்ணன் கேட்டபோது நான்தான் முறைத்தேன்.

ஆட்டத்தில் செய்யக் கூடாத பிழைகளை எனக்கு விளக்கியிருக்கிறீர்கள். கை கெட்டது என்று தெரிந்தும், இவ்வளவு வைத்துவிட்டோமே என்று மேலும் மேலும் வைப்பதுதான் பெரிய பிழையாம். ஒன்பது வருஷ வேலையை எப்படி விட்டு வருவது என்று அடுத்த வரியில் கேட்கிறீர்கள். மேல் வரியை எழுதியவர் வேறு ஆளா?

முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது இன்னொரு பாடம். அது உங்களால் எங்கே முடியும்? பொய் சொன்னால் காது மடலை இழுத்துக்கொள்வீர்கள். அடுத்த ஞாயிறு கட்டாயம் வருகிறேன் என்று எழுதும்போதும் இழுத்திருப்பீர்கள்.

நானும் இரண்டு கடிதங்களாக ஒரு சீட்டைக் கவிழ்த்தே வைத்திருந்தேன். மேலே எல்லோரும் சுகம் என்று எழுதியதில் நம் மகனைச் சேர்க்கவில்லை. கவனித்தீர்களா? பிறந்ததிலிருந்தே பால் குடிக்கும்போது அவனுக்கு மூச்சு வாங்குகிறது. இப்போது உதடும் நீலம் பாய்கிறது. வெள்ளிக்கிழமை நுவரெலியாப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார் தோட்டத்து டாக்டர். நீங்கள் பதறித் துரையிடம் வார்த்தையை விட்டுவிடுவீர்கள் என்றுதான் மறைத்தேன். இனி முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னும் பெயர் வைக்கவில்லை. காதில் பெயரை நான் சொல்லட்டுமா என்று அண்ணன் கேட்டார். அப்பா வந்து சொல்வார் என்று தடுத்துவிட்டேன். அவனுக்கு அப்படியே உங்கள் காது.

கையில் எந்தச் சீட்டு இருந்தாலும் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். கதிர்காமத்து முருகன் உங்களுக்கு வழித்துணையாக வரட்டும். வெள்ளிக்கிழமைக்குள் வரட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
சண்முகவடிவு