தர முடியாமல் போன இன்னொன்று

தம்பி, இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் அலுமினியத் தாளைக் கிழித்து ஒரு பெரிய மாத்திரையை எடுத்தாள். குப்பென்று அந்த நாற்றம். காலையும் மாலையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நீ விழுங்குவாயே, அதே மாத்திரை. வருஷாவருஷம் எடுக்கும் ஸ்கேனுக்காக வந்திருந்த நான், எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

என் சிறுநீரகம் ஒன்றை உனக்கு வைத்த புதிதில் உன் அட்டகாசம் தாங்காது. அந்த மருந்தால் கன்னமெல்லாம் முடி முளைத்து, சாலை பஜாரில் உன் துணிக்கடைக்கு வருகிறவர்கள் "கரடி முதலாளி" என்று கேலி செய்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். கடை திறந்ததும் ஸ்ரீவராகத்தில் என் வீட்டுக்கு போன் வந்துவிடும். "அக்கா, என் வயித்துல உன் ஆளு நல்லா வேல பாக்கான், கேட்டியா. நீ தண்ணி குடிச்சியா? உனக்கும் ஒண்ணுதான் இருக்கு, மறந்துராத." என் தட்டில் ஊறுகாயைக் கண்டால் பிடுங்கி எறிவாய். யார் நோயாளி என்று எனக்கே சந்தேகம் வரும்.

எட்டொன்பது வருஷம் அப்படி ஓடியது. பிறகு போன் நின்றது, வீட்டுப் பக்கமும் நீ வரவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வர, நேரே கடைக்கு வந்தேன். கல்லாவுக்குப் பின்னால் உன் கால்களைப் பார்த்தேன். செருப்பு வார் பதிகிற அளவுக்கு வீங்கியிருந்தன. இரவல் குடையைத் தொலைத்தவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாய். "நீ தந்தத என்னால காப்பாத்த முடியலக்கா. ஒரு மாத்திரகூட விடல."

நீ விடவில்லை என்று எனக்குத் தெரியாதா? ஒழுங்காக மருந்து சாப்பிட்டாலும் சிலருக்கு மெல்ல மெல்லப் பழுதாகிவிடும் என்றார் டாக்டர். "அப்ப என்கிட்ட இருக்கறதயும் எடுத்துக்கிடுங்க" என்றேன். "அது பற்றில்ல சேச்சி", முடியாது என்று மலையாளத்தில் சொல்லிக் கையை விரித்தார். என் உடம்பிலேயே இருந்தது, உனக்குத் தர வழியில்லை. டயாலிசிஸ் அறை வாசலில் அதை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன், நீ ஒரேயடியாகப் போகும்வரை.

இன்று ஸ்கேன் பார்த்த இளம் டாக்டர் சிரித்தபடி சொன்னார். மிச்சமிருப்பது பெரிதாக வளர்ந்து இரண்டின் வேலையையும் பார்க்கிறதாம். எனக்கு ஒரு குறையும் இல்லையாம். நான் ஏன் அழுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

நல்லா இருக்காம்டா. வெளியே வந்து பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தேன். வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும்?